காலுக்குத் தெரியாத எல்லை

சேர்,

என் விரல்களில் கோதுமை மாப் பசையின் புளித்த வாசம் இன்னும் போகவில்லை. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். உங்கள் கட்டடத்தின் மூன்றாவது தூணில் ஒரு மாதமாக ஒட்டியிருந்த அறிவித்தலை இன்று பின்னேரம் நகத்தால் சுரண்டி உரித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முடிவு வரும்வரை அதை யாரும் தொடக் கூடாது என்று அதன் அடியில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. மூன்றையும் வாசித்துவிட்டுத்தான் உரித்தேன்.

அதில் ஒரு வர்ணப் படம். நீங்கள் வரைந்து நான் நின்று கட்டிய அலுவலகக் கட்டடத்தின் தலையில் ஒரு கண்டிக் கூரையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். இரட்டைச் சரிவு, சிவப்பு ஓடு, உச்சியில் பித்தளை நிறத்தில் ஒரு கூர். தூண்களைச் சுற்றி அச்சில் வார்த்த தாமரை இதழ்கள். ‘புராதன நகருக்கு ஏற்றவாறு முகப்பை மாற்றியமைத்தல்’ என்று தலைப்பு. படத்தில் வானம் நீலமாக இருக்கிறது. தெருவில் ஒரு மனிதன் இல்லை, ஒரு குடை இல்லை. பின்னேரம் மூன்று மணிக்கு இருட்டாத கண்டி வானத்தை இந்தப் படம் வரைந்தவர் எங்கே கண்டாரோ.

நீங்கள் காலமாகி மூன்று வருடமாகிறது. பனி கொட்டும் நாட்டிலிருந்து உங்கள் மகன் தொலைபேசியில் சொன்னபோது நான் அதிகம் பேசவில்லை. “சரிங்க தம்பி” என்று வைத்துவிட்டேன். இப்போது பேச வேண்டியிருக்கிறது. உங்கள் கட்டடத்துக்காக நான் போட்ட சண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதையும் சொல்லாமல் விடமாட்டேன்.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்து ஒற்றை அறையிலிருந்து இறங்கி வந்து, கண்டியில் சாந்து குழைத்து, கல் கட்டி, கடைசியில் உங்கள் வேலைத்தளத்தில் மேற்பார்வைக்கு நின்றவன் நான். நீங்கள் எனக்குப் பாடம் சொல்லித் தந்தீர்கள் என்று உங்கள் மகன் யாரிடமோ சொன்னாராம். அது பொய். நீங்கள் ஒன்றும் சொல்லித் தரவில்லை. பின்னேரம் போகும்போது வரைபடத்தைச் சுருட்டாமல் மேசையில் விட்டுப் போவீர்கள், அவ்வளவுதான். நான் அதைப் பார்ப்பேன், எழுந்து நிற்கும் சுவரைப் பார்ப்பேன், திரும்ப அதைப் பார்ப்பேன். அப்படித்தான் கோடு வாசிக்கப் பழகினேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆள். யாருக்கும் கடன்படாமல் படித்தது அது ஒன்றுதான்.

அந்தத் தெருவில் அப்போது இரண்டு பக்கமும் பழைய கடைகள். இடப்பக்கம் புடவைக்கடை, வலப்பக்கம் மருந்துக்கடை. இரண்டுக்கும் முன்னால் மரத்தூண் வைத்த நடைபாதை, மேலே மாடி. சனங்கள் அதன் கீழே வெயில் படாமல், மழை படாமல் போவார்கள். நடுவில் வெறுங்காணி. அதில் உங்கள் நான்கு மாடிக் கொங்கிறீட்டு வரவேண்டும். ‘புத்தர் பல் இருக்கிற மாளிகையும் வாவியும் உள்ள ஊரில் இவன் என்னத்தைக் கொண்டுவந்து நடப்போகிறான்’ என்று ஊரே பேசியது. உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

கீழ்த்தளத்துத் தரை போட்ட நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் கொழும்புக்குப் போயிருந்தீர்கள். வரைபடத்தில் நம் கட்டடத்துக்குக் கீழேயும் அதே நடைபாதை; அதன் தரையும் புடவைக்கடையின் தரையும் ஒரே மட்டம். நான் அதைப் பார்த்து, சேர் படி கீற மறந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். லயத்தில் பிறந்தவனுக்குத் தெரிந்த முதல் பாடம், வாசலில் ஒரு படி இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் பாய்க்குக் கீழே வந்து படுத்துக்கொள்ளும் என்பது. எங்கள் அப்பா மலையிலிருந்து கல் சுமந்து வந்து அந்தப் படியைப் போட்டார். அதே நினைப்பில், யாரையும் கேட்காமல், ஆறு அங்குலம் உயர்த்திக் கொட்டிவிட்டேன். பூச்சும் போட்டு முடித்து, உங்கள் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

நீங்கள் வந்து நின்று பார்த்தீர்கள்.

“இதென்ன?”

“படி சேர்.”

“நான் படி கீறேல்லையே.”

“நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன் சேர். தண்ணி உள்ள வந்துடுங்க.”

“ஓகோ. மறந்தது நானோ? சரி, புடவைக்கடை வாசலுக்குப் போம். கண்ணை மூடிக்கொண்டு இஞ்சால நடந்து வாரும்.”

நான் போய் நின்றேன். வேலையாட்கள் சட்டியையும் மண்வெட்டியையும் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“மூடியாச்சு சேர்.”

“கள்ளமில்லாமல் மூடும்.”

கள்ளமில்லாமல்தான் மூடினேன். எட்டோ ஒன்பதோ அடி வைத்திருப்பேன். என் படியில் என் கால் இடித்தது. வலது பெருவிரல் நகம் பெயர்ந்து இரத்தம் வந்தது. ஒருத்தன் கத்தினான், “படி கட்டினவனுக்கே படி தெரியல்லடா!” எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துத் தந்தீர்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பிடித்திருக்காது.

நான் விரலைக் கட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னீர்கள்: “கூரையைப் பாத்துக்கொண்டு ஆர் நடக்கினம்? பழசு எங்க முடிஞ்சது, புதுசு எங்க துடங்கினது எண்டு காலுக்குத் தெரியக் கூடாது. அதுதான் பொருத்தம்.”

மறுநாள் அந்தப் படியை நானே உடைத்தேன். தண்ணீருக்கு நீங்கள் வழி வைத்திருந்தீர்கள். தெருவோரமாக ஆழமான வடிகான் வெட்டி, கல்லால் மூடி, இடைவெளி விட்டு. வரைபடத்தின் மூலையில் அது இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. அதன் பிறகு மற்றவையும் கண்ணில் பட ஆரம்பித்தன. நம் கொங்கிறீட்டுத் தூண்கள் பழைய மரத்தூண்களின் அதே இடைவெளியில் நின்றன. நீங்கள் கயிறு பிடித்து அளந்த நாளில் மறுமுனையைப் பிடித்தவன் நான். நம் முதல் மாடியின் விளிம்பு மருந்துக்கடை மாடியின் விளிம்போடு ஒரே கோட்டில் போனது. அதற்கு மேலே நீங்கள் யாருக்கும் பயப்படவில்லை. தட்டைக் கூரை, நீளமான ஜன்னல், வெயிலை மறிக்கும் அகலமான விளிம்புகள், வெறும் கொங்கிறீட்டின் நிறம். கீழே ஊரோடு ஒட்டினீர்கள், மேலே உங்கள் காலத்தோடு நின்றீர்கள். ஒரு பூ இல்லை, ஒரு யானை இல்லை.

திறப்பு விழாவில் ஒரு பெரிய மனிதர் ஒலிவாங்கியில் சொன்னார், “கோயில் பக்கத்தில் தீப்பெட்டி வைத்ததுபோல இருக்கிறது.” கூட்டம் சிரித்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். உங்கள் காது சிவந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு சொல்லை நீங்கள் கடைசிவரை இறக்கி வைக்கவில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் நாடு எரிந்த பிறகு நீங்கள் குடும்பத்தோடு போனபோதும், பெட்டிகளோடு அதையும் கொண்டுபோனீர்கள் என்றே நினைக்கிறேன். எனக்குப் போக இடமும் இல்லை, போக மனமும் இல்லை. இங்கேயே இருந்தேன். தீப்பெட்டிதான், அதற்கு என்ன? ஐம்பது வருடமாக இந்தத் தெருவில் போனவர்களை நனைய விடாத தீப்பெட்டி.

இப்போதும் பின்னேர மழையில் போய்ப் பாருங்கள். வத்தேகம பஸ்ஸுக்குப் போகிற பெண்கள் சாமான் பைகளோடு அங்கேதான் ஒதுங்குகிறார்கள். பெரஹெரா ஊர்வலம் வரும் நாட்களில் மத்தியானமே பாய் விரித்து இடம் பிடித்தவர்கள், புடவைக்கடை முன்னாலிருந்து மருந்துக்கடை முன்னால்வரை ஒரே வரிசையாக உட்காருகிறார்கள். இரண்டாவது தூணடியில் குடை திருத்துகிற முஸ்லிம் நானா ஒருவர் இருபது வருடமாக இருக்கிறார். என்னைக் கண்டால் சும்மா விடமாட்டார்.

“அண்ணன், ஒங்கட சேர் எனக்குப் பெரிய அநியாயம் செஞ்சிட்டாரு. மழ வந்தா எல்லாரும் இதுக்குள்ள ஓடி வாராங்க. கொடய யாரு தொறக்கிற?”

“அப்ப வெளிய போய் உக்காருங்க நானா.”

“வெளியயா? மழ பெய்யுதே!”

அறிவித்தலை முதலில் எனக்குக் காட்டியதும் அவர்தான். “கூர நல்லாத்தான் ஈக்கிது. ஆனா இந்தப் படத்துல எனக்கு எடத்தக் காணல்ல. நீங்க போய்ச் சொல்லுங்க” என்றார்.

அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருக்கும் என் மகளிடம் சொல்லித்தான் திட்டப் படத்தின் பிரதியை எடுத்தேன். யாரும் எடுக்கலாம், கேட்பார்தான் இல்லை. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கூரை, இதழ், பித்தளைக் கூர் எல்லாம் பெரிதாக இருந்தன. கீழே, நடைபாதை இருக்கவேண்டிய இடத்தில், தூணுக்குத் தூண் ஒரு மெல்லிய இரட்டைக்கோடு. கண்ணாடி. உள்ளே ‘வரவேற்பறை’. தரையில் ஒரு சின்ன முக்கோணக் குறி, பக்கத்தில் ஓர் எண்: 150.

மில்லிமீற்றர், சேர். ஆறு அங்குலம். என் பழைய படி.

நான் சிரித்த சிரிப்பில் மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். விசயத்தையும், விசாரணைக்குப் போய்ப் பேசப் போவதையும் சொன்னேன்.

“அப்பா, அங்க பெரிய ஆளுங்க வருவாங்க. உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“தெரிஞ்சதச் சொல்லுவேன்.”

“அதுதான் எனக்குப் பயம்.”

போன வியாழக்கிழமை, அனுமதி கொடுக்கும் நகரக் குழுவின் விசாரணை. ஒரு மண்டபம், நீள மேசை, தண்ணீர்ப் போத்தல்கள், குழுவில் ஏழு பேர். ஒரு மணி நேரம் ஓட்டின் சிவப்பு எந்தச் சிவப்பு என்று பேசினார்கள். ஒருவர் கடுஞ்சிவப்பு என்றார், ஒருவர் பழுப்புக் கலந்த சிவப்பு என்றார். நான் கடைசி வரிசைக் கதிரையில் இருந்து கையைத் தூக்கினேன். எல்லாம் சிங்களத்தில்தான். என்னுடையது வேலைத்தளத்தில் பழகிய சிங்களம். அதில் மரியாதைச் சொல் குறைவு.

தலைவர் கேட்டார், “நீங்கள் யார்? கட்டடக்கலைஞரா? பொறியியலாளரா? காணிச் சொந்தக்காரரா?”

“மூன்றும் இல்லை. அந்த வழியாக நடக்கிறவன்.”

சிரிப்பு எழுந்தது. தலைவர் கையமர்த்தினார். பண்பான மனிதர்தான். அவர் ஒரு கடதாசியை எடுத்தார். “இந்தக் கட்டடத்தை வரைந்தவரே காலமாவதற்கு முன்பு உரிமையாளர்களுக்கு எழுதியிருக்கிறார். கேளுங்கள்” என்று வாசித்தார்.

அது உங்கள் கடிதம், சேர்.

‘என் கட்டடம் அந்த நகரத்துக்கு அந்நியமாக நிற்கிறது என்று சொல்பவர்கள் சரியாகவும் இருக்கலாம். அதன் தோற்றத்தை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.’ கீழே உங்கள் கையெழுத்து. முன்னால் போய்க் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். உங்களுடையதுதான். கடைசி எழுத்தை மேலே இழுத்து வெட்டுவீர்களே, அந்த வெட்டும் இருந்தது.

நோயில் எழுதினார், பாவம் என்று வேறு யாராவது சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். தீப்பெட்டி என்ற அந்த ஒரு சொல்லுக்கு நீங்கள் கடைசியில் தலை குனிந்துவிட்டீர்கள். எந்த ஊரில் உட்கார்ந்து குனிந்தீர்கள்! இங்கே வந்து ஒரு மழை நாள் நின்று பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும். அல்லது எனக்கு ஒரு வரி போட்டிருக்க வேண்டும். முகவரி மாறவில்லை.

எல்லோரும் நான் உட்காருவேன் என்று பார்த்தார்கள். நான் உட்காரவில்லை.

“எழுதியவர் போய்விட்டார்” என்றேன். “அவர் சம்மதம் அவரோடு. நான் இருக்கிறேன். எனக்குச் சம்மதம் இல்லை. அவர் உயிரோடு இருந்தாலும் அவர் முகத்துக்கு நேரே இதைத்தான் சொல்லியிருப்பேன். கூரையை என்னவோ செய்யுங்கள். பொய்க்கூரை ஒழுகும்போது உங்களுக்கே தெரியும். இந்தக் கீழ்த்தளத்தில் 150 என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன?”

ஏழு பேரும் படத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார்கள். ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. கடைசியில், கட்டடத்தை இப்போது வைத்திருக்கும் நிறுவனத்தின் பக்கம் இருந்த இளம் கட்டடக்கலைஞர், ஒரு பெண், மெதுவாகச் சொன்னாள், “தரையை உயர்த்துகிறோம். ஒரு படிதான்.”

“உயர்த்திக் கண்ணாடி போட்டு மூடினால், மழை பெய்யும்போது சனங்கள் எங்கே நிற்பது?”

தலைவர் சொன்னார், “அந்த நடைபாதைப் பத்தடியும் நிறுவனத்தின் காணி. பொதுப்பாதை என்று எந்தப் பத்திரத்திலும் இல்லை.”

இங்கேதான் உங்கள் மேல் எனக்கு இரண்டாவது கோபம். அந்தப் பத்தடியைத் தெருவுக்கு விடும்படி முதல் முதலாளியிடம் பேசிச் சம்மதம் வாங்கியவர் நீங்கள். “எழுதி வாங்கிடுங்க சேர்” என்று நான் சொன்னேன். “மனுசன் வாக்குத் தந்திட்டார், காணும்” என்றீர்கள். காணவில்லை, சேர், அது போதவில்லை. அந்த மனிதரும் இல்லை, வாக்கும் இல்லை. சாட்சிக்கு இருப்பது நான் ஒருவன்தான்.

அதைத்தான் சொன்னேன். வாக்குக் கொடுத்த நாளில் யார் யார் நின்றார்கள், எந்தத் தூணுக்கு அத்திவாரம் வெட்டியிருந்தது, அவர் கையில் இளநீர் இருந்தது, எல்லாம் சொன்னேன். தலைவர் பேனையை மூடிவிட்டு, “குழு நேரில் வந்து பார்க்கும்” என்றார். இன்று பின்னேரம் மூன்று மணிக்கு என்று நேரம் குறித்தார்கள்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. குழு வரவில்லை. மழை என்பதால் வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்ததாகச் செய்தி வந்தது. அந்தப் பெண் மட்டும் வந்தாள். குடையின் ஒரு கம்பி முறிந்து தொங்கியது. நானா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு, “உள்ள வாங்க மகள், நல்ல எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க” என்றார். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும்போல, சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. “காலில் இருக்கிற சப்பாத்தைக் கழற்று” என்றேன். கழற்றினாள். புடவைக்கடை வாசலுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். “கண்ணை மூடிக்கொண்டு நேரே நட. நான் சொல்லும்வரை நிற்காதே. ஏமாற்றாமல் மூடு.”

முதல் நான்கைந்து அடி கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். பிறகு கை தானாகக் கீழே இறங்கியது. ஒதுங்கி நின்ற பெண்கள் பைகளை இழுத்து வழிவிட்டார்கள். பழைய சீமெந்து, நம் சீமெந்து, தூண், தூண், தூண். வெளியே கானில் தண்ணீர் இரைந்து போனது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. நான் பக்கத்தில் நடந்தேன். மருந்துக்கடையின் தைல வாசம் வந்ததும் அவளே நின்றாள்.

“உங்கள் கட்டடம் எங்கே தொடங்குகிறது?” என்று கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

“முடிந்தே விட்டது” என்றேன்.

கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள். பிறகு, “அங்கிள், நான் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிறவள். நான் சொன்னால் எடுபடாது” என்றாள்.

“எடுபடாவிட்டாலும் சொல். நான் சொன்னதை மட்டும் யார் எடுத்தார்கள்?”

பையிலிருந்து படத்தை எடுத்து, தூணில் வைத்து, 150 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான். ஒரு கேள்விக்குறியை நம்பி வீட்டுக்குப் போய்ப் படுக்கிறவன் இல்லை நான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறிவித்தலைச் சுரண்ட ஆரம்பித்தேன். காவலாளி ஓடி வந்தான்.

“ஐயா, என்ன செய்றீங்க! தொடக் கூடாதுன்னு போட்டிருக்குல்ல?”

“படிச்சேன். இந்தப் படத்துல மழை இல்லை. அதைப் போட்டுட்டு வந்து ஒட்டச் சொல்லு.”

நானா குடையைத் தட்டி விரித்துக்கொண்டே, “எழுதிக்கங்க காவல், கொடையும் இல்ல!” என்றார்.

சேர், குழு இன்னொரு நாள் வரும். வராவிட்டால் நான் அவர்களிடம் போவேன். ஏழு பேரையும் சப்பாத்தைக் கழற்றச் சொல்வேன், தலைவரை முதலில். நாளை சத்தியக் கடதாசி ஒன்று எழுதப் போகிறேன், நீங்கள் எழுதி வாங்காமல் விட்டதை. தோற்கலாம். காணி அவர்களுடையது, கையெழுத்து உங்களுடையது, என்னிடம் இருப்பது ஒரு வாய்தான். அந்தக் கடிதத்துக்காக உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் நீங்கள் நோயில் எழுதியதை விடப் வேலைத்தளத்துப் புழுதியில் நின்று, காலுக்குத் தெரியக் கூடாது என்று சொன்னது பெரிது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்பதை நான் தீர்மானித்துவிட்டேன்.

அன்று பெயர்ந்த நகம் முளைத்து வந்தபோது கோணலாகத்தான் வந்தது. இன்றுவரை அப்படியேதான். செருப்பு வாங்கும்போதெல்லாம் அது உறுத்தும், உங்களை இரண்டு வார்த்தை திட்டுவேன். அதே ஆறு அங்குலத்தை அங்கே திரும்பவும் கட்டினார்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு வந்து முதலில் இடறப்போவது இந்தக் கால்தான். இந்த முறை கைக்குட்டை தர நீங்கள் இல்லை. பரவாயில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவேன்.